பிள்ளை மனத்தின் பிடிமானம்

நாஞ்சில் நாட்டின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மண்ணையும் நீரையும் மன்னரையுமே பேசுவர். பழையாற்றின் கால்களைப் பேசுவர். 1741ஆம் ஆண்டில் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்ற போரைப் பேசுவர். சுசீந்திரத்து இசைத் தூண்களைப் பேசுவர். இவற்றிற்கெல்லாம் கல்வெட்டு உண்டு, ஓலை உண்டு, ஆவணம் உண்டு. இந்நாட்டுக் குழந்தைகளுக்கோ கல்வெட்டு இல்லை. அவர்கள் நிலம் விற்றவரல்லர், வழக்காடியவரல்லர், அரசர்க்கு விண்ணப்பம் எழுதியவரும் அல்லர். ஆதலின் வரலாறு அவர்களை எளிதில் கடந்து சென்றுவிட்டது. பெரியவர்கள் எழுதிய சட்டத்திலும், பள்ளிக் குறிப்பிலும், பாட்டிலும் இடையிடையே தலைகாட்டும் குழந்தையைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே துன்பம் இரு பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரு பிள்ளை சில மாதங்களில் தலைநிமிர்ந்து விடுகிறது. மற்றொன்று வாடியபடியே நிற்கிறது. இது ஏன்? பிறவிக் குணம் என்று சொல்லிவிடுதல் எளிது. நம் ஊர் உழவர் அப்படிச் சொல்லமாட்டார். நாற்றங்காலில் செழித்து நின்ற பயிரைப் பிடுங்கி வயலில் நட்டால், சில நாள் அது வெளிறிக் கிடக்கும். பின்னர் வேர் பிடிக்கும், பச்சை திரும்பும். அந்தச் சில நாள்களில் உழவர் நாற்றை அதட்டுவதில்லை. தண்ணீரை அளவாக நிறுத்தி, வரப்பைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தைக்கு அவ்வாறு நீர் நிறுத்தியவர் யார், வரப்புக் கட்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டு இந்நாட்டு வரலாற்றைப் புரட்டினால், நாம் எதிர்பாராத சில இடங்களில் விடை கிடைக்கிறது.

முதலாவது இடம் நாகர்கோவில். 1818ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்த சார்லஸ் மீட் என்னும் இலண்டன் சங்கப் பாதிரியார் தம் பணியிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டில் சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் வந்து சேர்ந்தனர். அவர்களுடைய சமயப் பணியை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. அவர்கள் பெண் குழந்தைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார்கள் என்பதும், அங்கே மால்ட் அம்மையார் ரேந்தைப் பின்னல் கற்றுக்கொடுத்தார் என்பதுமே நமக்கு வேண்டுவன. இன்று நாகர்கோவிலில் டதி பெண்கள் பள்ளி என வழங்குவது அந்தப் பள்ளியின் வழிவந்ததே.

அப்பள்ளிக்கு வந்த சிறுமியர் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் அந்நாளில் அடிமை முறை இருந்தது. 1812ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வாணிகத்தைத் தடுத்து ஆணையிட்டார் எனினும், நிலத்தோடு சேர்ந்த அடிமைகள் அவ்வாணையின் பயனைப் பெறவில்லை. நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினர். அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அவ்வாறாயின், 1820களில் ஓர் அடிமைச் சிறுமியின் நிலை என்ன? தாய் ஒருவருக்கு உடைமை, தானும் உடைமை. நாளை எங்கே இருப்போம் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் தாய்க்கும் தெரியாது.

இத்தகைய சிறுமியின் கையில்தான் மால்ட் அம்மையார் நூலைக் கொடுத்தார். ரேந்தைப் பின்னலை நேரில் பார்த்திராத நேயர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். கெட்டியான திண்டு ஒன்றின்மேல் துளையிட்டுக் கோலம் வரைந்த தாளைப் பொருத்துவார்கள். துளைதோறும் குண்டூசி நிற்கும். நூல் சுற்றிய சிறு கட்டைகள் பல தொங்கும். அவற்றை இரு கையாலும் மாற்றி மாற்றிப் போட, நூலோடு நூல் முறுக்கிக்கொண்டு, ஊசியைச் சுற்றி மெல்ல மெல்லப் பூவும் கொடியும் உருவாகும். ஒரு விரலளவு பின்னுவதற்கும் நெடுநேரமாகும். ஒரு கட்டை இடம் மாறிவிட்டால் பிழை உடனே கண்ணில் படும். அந்த இடம்வரை அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னலாம். யாரும் கூச்சலிட வேண்டியதில்லை. பிழை செய்தவரே அதைக் கண்டு, அவரே திருத்திவிட இடந்தரும் தொழில் அது. கல்வி முறைகளைப் பற்றிப் பிற்காலத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார் சொன்ன கருத்துகளில் இதுவும் ஒன்று. அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தபோது நம்மவர் அதைப் புதுமையாகக் கேட்டனர். நாகர்கோவிற் சிறுமியரின் திண்டிலும் ஊசியிலும் அது நூறாண்டுக்கு முன்னரே இருந்தது.

இதனினும் பெரிய செய்தி கூலியைப் பற்றியது. பின்னல் விலைபோயிற்று; பின்னியவர்க்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து, அடிமைச் சிறுமியர் சிலர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். அரசாணை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், தன் விரலால் ஈட்டிய காசைக் கொண்டு ஒரு பெண் தன்னை மீட்டுக்கொண்டாள் என்பதை நாம் சற்று நின்று நினைக்க வேண்டும். கருணையால் விடுவிக்கப்பட்ட குழந்தைக்கு நன்றியுணர்வு இருக்கும். தன் கைவேலையால் விடுதலை பெற்றவளுக்கு அதனோடு வேறொன்றும் இருக்கும். அதற்கு என்ன பெயரிடுவது என்று நான் வகுப்பில் பலமுறை தடுமாறியதுண்டு; தன்மானம் என்ற சொல்தான் அருகில் வருகிறது.

அக்காலம் அமைதியான காலமும் அன்று. 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நடந்த தோள்சீலைப் போராட்டத்தில், மேலாடை அணிந்த பெண்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டனர். பள்ளிக் கூரைகள் கொளுத்தப்பட்டன, மறுபடியும் வேயப்பட்டன. 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசாணை வரும்வரை, இவ்வூர்ப் பெண் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்குச் செல்வதே அச்சத்தோடு நடக்கும் நடையாக இருந்தது. அப்படியும் அவர்கள் சென்றார்கள் என்றால், அங்கே ஒருவர் தமக்காகக் காத்திருக்கிறார் என்ற உறுதி அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

அடிமைக் குடிசையை விட்டு, இனி நெற்களஞ்சியம் நிறைந்த வீட்டுக்குள் செல்வோம். அங்கும் பிடிமானம் இல்லாத குழந்தைகள் இருந்தனர் என்றால் சிலர் வியக்கக்கூடும். நாஞ்சில் நாட்டு வேளாளருள் மக்கள்வழியினர், மருமக்கள்வழியினர் என இருதிறத்தார் உண்டு. மருமக்கள் வழியில் ஒருவன் சொத்து அவன் பிள்ளைக்குச் செல்லாது. அவன் உடன்பிறந்தாளின் பிள்ளைக்கே செல்லும். குடும்பத் தலைவருக்குக் காரணவர் என்று பெயர்.

இம்முறையைப் பழிப்பதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தாய்வழி உரிமை என்பது தன்னளவில் குழந்தைக்குத் தீங்கானதன்று. அண்டையிலிருந்த நாயர் குடும்பங்களில் குழந்தை தாயின் தறவாட்டிலேயே பிறந்து, பாட்டியும் அம்மானும் சூழ அங்கேயே வளர்ந்தது. உறங்கும் இடமும் உரிமையுள்ள இடமும் அதற்கு ஒன்றே. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலைமை வேறு. இங்கே மணமான பெண் கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். அவள் பெற்ற பிள்ளைகள் தந்தையின் வீட்டில் தவழ்ந்தன. தந்தையின் தோளில் ஏறின. தந்தையின் வயலில் களை பறித்தன. தந்தை கண்மூடினால் அந்த வீடும் வயலும் அவர் மருமகனுடையவை. உகந்துடைமை என்று சொல்லப்பட்ட ஒரு சிறு பகுதியைப் பெற்றுக்கொண்டு, மனைவியும் மக்களும் வெளியேற வேண்டியதுதான். உறங்கும் இடம் ஒன்று, உரிமை உள்ள இடம் மற்றொன்று. இதுதான் இவ்வூர் மருமக்கள் வழியின் கொடுமை.

இதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரே வீட்டில் இரு சிறுவர் விளையாடுகின்றனர். ஒருவன் வீட்டுக்காரரின் மகன். மற்றவன் அவர் தங்கையின் மகன். களஞ்சியத்தைக் காட்டி, இது எனக்கு வரும் என்று மருமகன் சொல்லலாம். மகன் சொல்ல முடியாது. தந்தைக்கு மகன்மீது அன்பு இருக்கும். ஆனால் அன்பைப் பொருளாகக் காட்டினால் தங்கையும் மருமகனும் வழக்குத் தொடுப்பர் என்ற அச்சமும் இருக்கும். சிறுபிள்ளைகளுக்குச் சட்டம் தெரியாது, முகம் தெரியும். தந்தையின் கை நீண்டு பாதியில் நிற்பதை அவை கண்டுகொள்ளும்.

இந்த நிலையை ஏளனமும் கண்ணீரும் கலந்து பாடியவர் தேரூர் தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917, 1918ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ‘தமிழன்’ என்ற இதழில் வெளியாயிற்று. பின்னர் 1942இல் நூலாயிற்று. ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாய்த்த பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அது அமைந்துள்ளது. புராணத்தைப் போலப் படலம் படலமாகப் பிரிந்திருக்கும் அந்நூலில் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று ஒன்று உண்டு. கோடு என்பது இங்கே கோர்ட்டு. வழக்காடி வழக்காடி ஒரு குடும்பம் உருக்குலைவதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. படிப்பவர் முதலில் சிரிப்பர். நானும் மாணவப் பருவத்தில் சிரிப்புக்காகவே அதைப் படித்தேன். ஆசிரியனான பின் படித்தபோது, வயிறு ஒட்டிய குழந்தைகள் அந்தச் சிரிப்பின் பின்னே வரிசையாக நிற்பது தெரிந்தது.

பாட்டு மட்டும் சட்டத்தை மாற்றிவிட்டது என்று சொல்வது மிகையாகும். சமுதாயத்தார் பல ஆண்டு பேசினர், கூட்டம் கூடினர், விண்ணப்பம் செய்தனர். நாயர் சமுதாயத்துக்குரிய புதிய சட்டம் 1925இல் வந்தது. மறு ஆண்டில், அதாவது 1926இல், கொல்லம் 1101இல், ராணி சேதுலட்சுமி பாயின் ஆட்சிக் காலத்தில், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவியும் மக்களும் உரிமையாளராயினர். சட்ட வரலாறு எழுதுவோர் இதைச் சொத்துரிமைச் சீர்திருத்தம் என்று எழுதுவர். நான் இதைக் குழந்தை நலச் சட்டம் என்றே மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். தன் வீடு எது என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் அது.

மான்மியம் பாடியவரின் இளமையே நம் பொருளுக்கு ஒரு சான்று. 1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம், ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தேரூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. பள்ளியிலே கற்பித்தது மலையாளம். வீட்டுமொழி ஒன்று, பள்ளிமொழி ஒன்று. இந்நிலையில் தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரான் அச்சிறுவனுக்குத் தமிழ் கற்பித்தார். தந்தை இல்லாப் பிள்ளை ஒருவன் நாள்தோறும் சென்று உட்கார ஓர் இடம் இருந்தது. அங்கே ஒரு பெரியவர் அவனுக்கென நேரம் ஒதுக்கினார். வாழ்க்கை வரலாற்று நூல்களில் இது இரண்டே வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரி இல்லையேல் பின்னால் வரும் பக்கங்களும் இல்லை.

அவர் முப்பத்தாறு ஆண்டு ஆசிரியராக இருந்தார். கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் கற்பித்து 1931இல் ஓய்வு பெற்றார். மனைவியின் ஊராகிய புத்தேரியில் தங்கினார். 1940இல் சென்னையில் அவருக்குக் ‘கவிமணி’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. 1954 செப்டம்பரில் மறைந்தார். உமர்கய்யாமையும் புத்தர் வரலாற்றையும் தமிழில் தந்த அவரே குழந்தைகளுக்கும் பாடினார்.

அவர் குழந்தைப் பாடல்களின் அருமையை, அவற்றுக்கு முன்னிருந்த நிலையோடு வைத்துப் பார்த்தால்தான் உணரலாம். திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் கேட்டது கட்டளை. அறம் செய், சினம் தவிர், பெற்றோரைப் பேண் என்ற முறையில் அமைந்த நீதிநூல்களே பாடம். அவை சிறந்த நூல்கள். அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் சினம் தவிர் என்று கேட்ட பிள்ளைக்குச் சினம் என்பது இன்னதென்று யார் காட்டினார்? கவிமணியின் பாட்டில் பசு மேய்கிறது, கன்று ஓடிவருகிறது, தாய் நக்குகிறது, கன்று பாலுண்கிறது. கட்டளை ஏதும் இல்லை. தாயும் சேயும் ஒருவரையொருவர் நாடும் அன்பைக் குழந்தை கண்ணால் கண்டு, வாயால் பாடி, தன் நெஞ்சில் இருப்பதும் அதுவே என்று அறிகிறது. தன் மனத்தில் எழுவதற்குப் பெயரும் உருவமும் கிடைத்த பிள்ளை, அதை ஆளவும் கற்றுக்கொள்ளும். நம் பள்ளிகளில் நீதிபோதனை வகுப்புக்கு மணி அடித்த அளவுக்குப் பாட்டு வகுப்புக்கு மணி அடிக்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

இவையெல்லாம் நம் ஊர் அளவில் நடந்தவை. உலகில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் என்ன கண்டார்கள் என்று சிறிது பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மீது குண்டு பொழிந்தது. அப்போது ஹாம்ப்ஸ்டெட் என்ற பகுதியில் அன்னா பிராய்டு, டோரதி பர்லிங்ஹாம் என்ற இரு பெண்மணியர் குழந்தைகளுக்கெனக் காப்பகம் நடத்தினர். அவர்கள் கண்டு எழுதியது பலரைத் திடுக்கிடச் செய்தது. தாயின் அருகில் இருந்து குண்டோசை கேட்ட குழந்தைகள் ஓரளவு தாங்கிக்கொண்டனர். பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளே பெரிதும் வாடினர். தாயின் பிரிவு குண்டினும் கொடிதாக இருந்தது. 1951இல் உலக நல நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்ற மருத்துவர் எழுதிய அறிக்கையும் ஏறத்தாழ இதையே வலியுறுத்தியது.

இதனினும் விரிவான ஆராய்ச்சி ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய காவாயில் நடந்தது. 1955ஆம் ஆண்டில் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனப் பல துன்பங்களுக்கு ஆட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திறமையும் அன்பும் உடையவராக வளர்ந்தனர். அவர்கள் வாழ்வில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது என்ன? அவர்களை உறுதியாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பெற்றோராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். அதனோடு, தாமே பொறுப்பேற்றுச் செய்யும் ஒரு வேலையும் பலருக்கு இருந்தது. வாணன்திட்டுத் தம்பிரானையும் ரேந்தைத் திண்டையும் அறிந்த நமக்கு இம்முடிவு அந்நியமாகத் தோன்றாது.

ஆராய்ச்சியைப் படிப்பது ஒன்று. துன்பம் வாசலில் வந்து நிற்கும்போது அதைச் செயற்படுத்துவது வேறொன்று. நம் மாவட்டத்துக்கு அந்தச் சோதனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பள்ளிகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் கடற்கரையில் இருந்தனர். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் வந்தது. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தின் மேற்றளத்தை அலை பெயர்த்து எறிந்தது என்றால் அதன் வலிமையை நேயர்கள் உணரலாம். குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ எண்ணூறு உயிர்கள் போயின. அவர்களுள் சிறுவர் பலர்.

உணவும் உடையும் உலகெங்கிலுமிருந்து வந்தன. மனத்தைப் பற்றிய கவலை சற்றுப் பின்னரே வந்தது, ஆயினும் வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தனர். குழந்தைகளைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விளையாடவும் வரையவும் விடுங்கள். பேச வரும்போது கேளுங்கள் என்பது அப்பயிற்சியின் சாரம். கரிய அலையையே திரும்பத் திரும்ப வரைந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளை அவசரப்பட்டுத் தத்துக் கொடுத்துவிடாமல், கூடியவரை உற்றாரிடமே வளர்க்க வேண்டும் என்ற கொள்கையை அரசு மேற்கொண்டது. அவர்கள் பெயரில் வைப்புத்தொகையும் இட்டது. இருக்க ஓர் இடமும் தன் பெயரில் ஓர் உரிமையும் ஒருசேரக் கிடைப்பது குழந்தைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மருமக்கள்வழிக் குடும்பங்களின் கதை முன்னரே நமக்குச் சொல்லியிருக்கிறது.

2005 ஜனவரியில் பள்ளிகள் திறந்தபோது, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலும் கடற்கரைப் பிள்ளைகள் படித்துவந்தனர். புத்தகமில்லை, சீருடையில்லை. அவர்களை எதற்காக இவ்வளவு விரைவில் பள்ளிக்கு அழைக்கிறீர்கள் என்று சிலர் கடிந்துகொண்டனர். ஆனால் முகாமில் பெரியவர்களின் அழுகையையே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் காலை மணியும், வரிசையும், கரும்பலகையும் பழைய உலகம் முழுவதும் போய்விடவில்லை என்பதற்கு அடையாளமாயின. முதல் இரு வாரம் பாடம் நடத்தவில்லை. பாட்டு, கதை, பந்து. உச்சிவேளையில் சோறு. இவ்வளவே.

ஒரு சிக்கல் மட்டும் நாங்கள் எதிர்பாராதது. ஏழாம் வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவர் வகுப்பில் ஒரு சிறுவன் அலையில் போய்விட்டான். இறந்த மாணவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிடுவதுதான் நடைமுறை. அன்று காலை அவர் பெயர்களைப் படித்து வந்தபோது பழக்கத்தால் அந்தப் பெயரையும் படித்துவிட்டார். வகுப்பு அப்படியே உறைந்து போயிற்று. அப்போது அவன் பக்கத்து இருக்கையில் இருந்த நண்பன் எழுந்து, “வரல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தான். நாளைக்கு நான் அந்தப் பெயரைப் படிப்பதா, விடுவதா என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

பயிற்சிக் கல்லூரியில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. உடனிருந்த ஆசிரியருள் சிலர், பெயரை வெட்டிவிடுவதே நல்லது, நினைவூட்டுவானேன் என்றனர். பிள்ளைகளைக் கேளாமல் வெட்டுவது சரியன்று என்று ஆசிரியை சொன்னார். அவர் சொன்னதே நடந்தது. மறுநாளும் அவர் அப்பெயரைப் படித்தார். அந்தப் பையன் எழுந்து அதே விடையைச் சொன்னான். இது ஜனவரி முழுதும் நடந்தது. சில நாள் அவன் குரல் கம்மியது. சில நாள் உறுதியாக வந்தது. இடையில் ஒருநாள் அவன் வாராதபோது வேறொரு பெண் எழுந்து அதைச் சொன்னாளாம்.

பிப்ரவரியில் ஒருநாள் இடைவேளையில் அவன் ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “டீச்சர், அவன் பேர நாளைக்கு வாசிக்காண்டாம். ஆனா செவப்பு மையில வெட்டாண்டாம்” என்றான். ஆசிரியை பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெயரை நீல மையில் எழுதினார். அவன் எழுத்துகளைச் சரிபார்ப்பவன்போல உற்றுப் பார்த்துவிட்டுச் சென்றான். மார்ச்சில் வகுப்புக்குப் புதிதாக ஒரு மாணவன் வந்தான். எந்த இருக்கையில் அமர்வது என்று அவன் வாயிலில் தயங்கி நின்றபோது, இவன்தான் புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தான்.